‘கெட்’ என்ற ஒற்றை வினைச்சொல்லைப் பயமில்லாமல் கையாள ஒரு முழு வழிகாட்டி

ஆங்கிலம் பேசுகிறவர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் வினைச்சொற்களில் ‘கெட்’ முக்கியமானது. கடிதம் வந்தாலும் கெட், கோபம் வந்தாலும் கெட். பஸ்ஸில் ஏறினாலும் கெட், இறங்கினாலும் கெட். கல்யாணம் ஆனாலும் அதுதான், வேலை போனாலும் அதுதான். நம் பிள்ளைகள் பள்ளி முழுக்க ஆங்கிலம் படித்துவிட்டு வந்தும் பேச்சில் இந்தச் சொல்லைத் தொடத் தயங்குகிறார்கள். ‘கெட் என்றால் பெறு’ என்று ஒரே ஒரு பொருளை எழுதிப்போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும் பழக்கம்தான் இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். ‘பெறு’ என்பதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு “இட்ஸ் கெட்டிங் டார்க்” என்ற வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொள்வது? எது எதைப் பெறுகிறது?

சரி, அகராதியைப் பார்க்கலாம் என்றால் அங்கே பொருள்கள் பத்தி பத்தியாக நீள்கின்றன. அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது, தேவையும் இல்லை. கெட் என்ற சொல்லை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். அடுத்து வருவது ஒரு பொருளின் பெயரா, ஒரு தன்மையா, ஓர் இடமா, இன்னொரு வினைச்சொல்லா என்பதை வைத்தே பொருள் முக்கால்வாசி முடிவாகிவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: வடிவங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

நிகழ்காலம் கெட், இறந்தகாலம் காட். பள்ளியில் வி3 என்று சொல்லிக்கொடுத்த மூன்றாவது வடிவம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் காட், அமெரிக்க ஆங்கிலத்தில் பெரும்பாலும் காட்டன். காட்டன் என்பது அமெரிக்கர்கள் புதிதாகக் கண்டுபிடித்த வடிவம் என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் புழங்கிய பழைய வடிவம். அங்கே வழக்கொழிந்துபோனது, கடல் தாண்டிப் போனவர்களிடம் தங்கிவிட்டது. சொல்லே வெளியிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, 1200 வாக்கில் எழுத்தில் தென்படத் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரே சிக்கல் ‘ஹேவ் காட்’. “ஐவ் காட் டூ பிரதர்ஸ்” என்றால் எனக்கு இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். பார்வைக்கு இறந்தகாலம் போல இருந்தாலும் சொல்வது இப்போது இருப்பதை. அமெரிக்கர்கள் இந்த இடத்தில் ஒரு நல்ல வேறுபாடு வைத்திருக்கிறார்கள்: “ஐவ் காட் அ டிக்கெட்” என்றால் என்னிடம் டிக்கெட் இருக்கிறது, “ஐவ் காட்டன் அ டிக்கெட்” என்றால் டிக்கெட் எனக்குக் கிடைத்துவிட்டது. ‘இருக்கு’ என்று சொல்ல வரும்போது காட்டன் வராது. அதேபோல “ஐவ் காட் டு கோ” என்றால் நான் போயாக வேண்டும். பேச்சில் இது “ஐ காட்டா கோ” என்று சுருங்கிவிடும்.

இரண்டாம் படி: அடுத்து ஒரு பெயர்ச்சொல் வந்தால்

இங்கே பொருள் கிடைப்பது, வாங்குவது, எடுத்து வருவது. தமிழனுக்கு இதில் தடுக்கும் இடம் வாக்கியத்தின் தொடக்கம். நாம் “எனக்கு வேலை கிடைத்தது” என்கிறோம். அந்த வாக்கியத்தில் எழுவாய் வேலை. நான் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத்தில் நான்தான் எழுவாய்: “ஐ காட் அ ஜாப்.” ஆகவே மனதில் ‘எனக்கு... கிடைத்தது’ அல்லது ‘எனக்கு... வந்தது’ என்று தமிழ் ஓடினால், யோசிக்காமல் ‘ஐ காட்’ என்று ஆரம்பிக்கப் பழகுங்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை: “ஐ டிடின்ட் கெட் லீவ்.” அவளுக்கு நல்ல மார்க் வந்தது: “ஷி காட் குட் மார்க்ஸ்.” உங்கள் மெசேஜ் வந்தது: “ஐ காட் யுவர் மெசேஜ்.”

“ஐ காட் அ நியூ ஃபோன்” என்றால் காசு கொடுத்து வாங்கியதா, யாராவது பரிசாகக் கொடுத்ததா என்று அந்த வாக்கியம் சொல்லாது. ஃபோன் என் கைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான் செய்தி. வாங்கினேன் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ‘பாட்’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்.

எடுத்து வருவதற்கு “குட் யூ கெட் மீ சம் வாட்டர்?” என்பது நல்ல உதாரணம். கொஞ்சம் தண்ணீர் எடுத்து வர முடியுமா என்று பணிவாகக் கேட்பது. வாசலில் அழைப்பு மணி அடிக்கும்போது யாராவது “ஐல் கெட் இட்” என்றால், நான் போய்த் திறக்கிறேன் என்கிறார். ஃபோன் அடித்தாலும் இதே வாக்கியம். ஹோட்டலில் சாப்பிட்டு முடித்துப் பில் வந்ததும் நண்பர் “ஐல் கெட் திஸ்” என்றால், பணத்தை அவர் கொடுக்கிறார் என்று பொருள். இது தெரியாமல் பில்லை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

உடம்பு சரியில்லாததைச் சொல்வதிலும் கவனம் தேவை. “ஐ ஆம் கெட்டிங் ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே” என்று நம்மூரில் சரளமாகச் சொல்கிறோம். ‘காய்ச்சல் வருது’ என்பதை அப்படியே கொண்டுபோய் வைத்ததால் வந்த வாக்கியம் இது. ஆங்கிலத்தில் கெட்டிங் என்றால் இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தொண்டை கரகரக்கும்போது “ஐ திங்க் ஐ ஆம் கெட்டிங் அ கோல்ட்” என்பது முழுக்கச் சரி, சளி பிடிக்கப்போகிறது போலிருக்கிறது என்று அர்த்தம். நேற்றிலிருந்தே காய்ச்சல் இருக்கிறது என்றால் “ஐவ் ஹேட் அ ஃபீவர் சின்ஸ் யெஸ்டர்டே.” வெளிநாட்டு டாக்டரிடம் பேசும்போது இந்த வித்தியாசம் நிஜமாகவே முக்கியம்.

புரிந்துகொள்வதற்கும் இதே சொல்தான். “ஐ டோன்ட் கெட் இட்” என்றால் எனக்குப் புரியவில்லை. ஆனால் “ஐ ஆம் நாட் கெட்டிங் யூ” என்று நாம் சொல்வது வெளியே உள்ளவர்களுக்கு வேறு மாதிரி கேட்கும். “ஐ டோன்ட் கெட் ஹிம்” என்றால் அவர் குணமே பிடிபடவில்லை என்று ஆகிவிடும். எதிரில் இருப்பவர் சொன்ன வார்த்தை காதில் சரியாக விழவில்லை என்றால் “சாரி, ஐ டிடின்ட் கெட் தட்” என்று சொல்லுங்கள். ஆளைச் சொல்லாமல் பேச்சைச் சொல்வது மரியாதையாகவும் இருக்கும்.

மூன்றாம் படி: அடுத்து ஒரு தன்மை வந்தால்

இங்கே கெட் என்பது நம் ‘ஆகு’. இருட்டாகிறது, நேரமாகிறது, வயதாகிறது: “இட்ஸ் கெட்டிங் டார்க்”, “இட்ஸ் கெட்டிங் லேட்”, “வி ஆர் கெட்டிங் ஓல்ட்.” கோபம் வந்தது என்பதும் ஆங்கிலத்தில் ஒரு நிலைக்கு மாறுவதுதான்: “ஹி காட் ஆங்ரி.” அவன் கோபமாக இருந்தான் என்றால் ‘வாஸ்’, அப்போதுதான் கோபம் வந்தது என்றால் ‘காட்’. மாற்றம் நடக்கும் நொடியைப் பிடிக்கிற சொல் இது.

எல்லா ‘ஆகு’வுக்கும் கெட் போட முடியாது. டாக்டர் ஆக வேண்டும் என்பதற்கு “ஐ வான்ட் டு கெட் அ டாக்டர்” என்று சொன்னால், ஒரு டாக்டரை அழைத்து வர வேண்டும் என்று அர்த்தமாகிவிடும். தொழில், பதவி போன்ற பெயர்ச்சொற்களுக்கு ‘பிகம்’ வேண்டும். இதைத் தவிர வழுக்கை விழுவது, பைத்தியம் பிடிப்பது, பால் கெட்டுப்போவது மாதிரியானவற்றுக்கு ஆங்கிலம் ‘கோ’வை எடுத்துக்கொள்கிறது: “த மில்க் ஹேஸ் கான் பேட்.” நிறம் மாறுவதற்குப் பெரும்பாலும் ‘டர்ன்’. மற்றபடி டயர்ட், ஹங்ரி, ரிச், பெட்டர், வர்ஸ் என்று பேச்சில் வரும் பெரும்பாலான தன்மைகளுக்குக் கெட் பொருந்தும்.

நான்காம் படி: அடுத்து வி3 வந்தால்

“ஷி காட் மேரிட்”, “ஹி காட் ஹர்ட்”, “மை ஃபோன் காட் ஸ்டோலன்.” கல்யாணம் ஆனது, அடிபட்டது, ஃபோன் திருடுபோனது. செய்தவர் யார் என்பதை விட, எழுவாய்க்கு என்ன நேர்ந்தது என்பது இங்கே முக்கியம். நம் ‘படு’வும் ‘மாட்டிக்கொள்’ளும் தரும் உணர்வு இந்த அமைப்பில் இருக்கிறது. “ஹி வாஸ் ஃபயர்ட்” என்பது நடந்ததைச் சொல்கிறது. “ஹி காட் ஃபயர்ட்” என்றால் அவனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற தொனியும் கூடவே வரும். நல்லதற்கும் வரும்: “ஷி காட் ப்ரமோட்டட்.” பேச்சுக்கு இது மிகப் பொருத்தம், அலுவலகக் கடிதத்தில் ‘வாஸ்’ பாதுகாப்பானது.

மேரிட் என்ற சொல்லுக்குப் பிறகு யாரோடு என்று சொல்ல ‘வித்’ போட்டுவிடுகிறோம். “காட் மேரிட் டு” என்பதே சரி.

ஐந்தாம் படி: கெட், பொருள், வி3 என்ற மூன்றடுக்கு

வகுப்பில் ஒரே ஒரு அமைப்பைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். “முடி வெட்டினேன்” என்று தமிழில் சொன்னால் சலூனில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டோம் என்று எல்லோருக்கும் புரியும். “வீடு கட்டினேன்” என்றால் கொத்தனார் வைத்துக் கட்டியது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. தமிழில் செலவு செய்தவரும் செய்வித்தவரும் அந்த வேலையைத் தாமே செய்ததாகச் சொல்வது இயல்பு. ஆங்கிலம் அப்படி விடாது. “ஐ கட் மை ஹேர்” என்றால் கண்ணாடி முன் நின்று நீங்களே கத்தரியால் வெட்டிக்கொண்டீர்கள் என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். பிறர் கையால் நடந்த வேலைக்கு “ஐ காட் மை ஹேர் கட்.”

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அன்றாட வாழ்க்கையின் பாதி வேலைகளைச் சொல்லிவிடலாம். பல் பிடுங்கிக்கொண்டேன்: “ஐ காட் மை டூத் புல்ட் அவுட்.” ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டும்: “ஐ நீட் டு கெட் அ பிளவுஸ் ஸ்டிட்ச்ட்.” வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம்: “வி ஆர் கெட்டிங் த ஹவுஸ் பெயின்டட்.” ஆதார் அட்டையில் முகவரி மாற்ற வேண்டும்: “ஐ நீட் டு கெட் மை அட்ரஸ் சேஞ்ஜ்ட் இன் ஆதார்.”

வரிசையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். “ஐ காட் ரிப்பேர்ட் மை பைக்” என்பது தவறு. பொருள் நடுவில் வர வேண்டும்: “ஐ காட் மை பைக் ரிப்பேர்ட்.” வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் ஒழிய இந்த வரிசை நாக்கில் உட்காராது. ‘மை பைக்’, ‘மை ஹேர்’, ‘மை பாஸ்போர்ட்’, ‘த ஃபேன்’ என்று பொருளை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

ஒருவரைச் செய்ய வைப்பது இதற்குப் பக்கத்து வீடு. “ஐ காட் ஹிம் டு சைன்” என்றால் பேசிப் பேசி அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். இதில் கொஞ்சம் முயற்சி, கொஞ்சம் வற்புறுத்தல், சில நேரம் தந்திரமும் ஒட்டியிருக்கும். ‘மேட் ஹிம் சைன்’ என்றால் கட்டாயப்படுத்தியது. இந்த இரண்டில் கெட்டுக்குப் பிறகு மட்டும் ‘டு’ வரும், மேட்டுக்குப் பிறகு வராது. உயிரில்லாதவற்றுக்கும் இந்த அமைப்பு பொருந்தும். காலையில் கிக்கர் உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறதா? “ஐ கான்ட் கெட் த பைக் டு ஸ்டார்ட்.”

ஆறாம் படி: ‘கெட் டு’வும் அதன் குழப்பங்களும்

“டிட் யூ கெட் டு சீ த டெம்பிள்?” என்றால் கோயிலைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்ததா என்று கேட்பது. வாய்ப்பு, அனுமதி, கொடுப்பினை எல்லாம் அந்தக் ‘கெட் டு’வில் அடங்கும். “த சில்ட்ரன் காட் டு ரைட் த எலிஃபன்ட்” என்றால் யானை மேல் ஏறும் வாய்ப்புப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

“ஐ காட் டு நோ தட் ஹி ரிசைன்ட்” என்று அலுவலகங்களில் சொல்கிறோம். அவர் ராஜினாமா செய்தது எனக்குத் தெரியவந்தது என்பதற்கு “ஐ ஹர்ட்” அல்லது “ஐ ஃபவுண்ட் அவுட்” போதும். ‘கெட் டு நோ’ என்பது ஒருவரோடு பழகிப் பழகி அறிந்துகொள்வது: “ஐ காட் டு நோ ஹிம் இன் காலேஜ்.”

பழகிவிடுவதற்கு ‘கெட் யூஸ்ட் டு’. இதில் வரும் ‘டு’வுக்குப் பிறகு ஒரு பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோதான் வரும். “யூல் கெட் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி” என்றால் சீக்கிரம் எழுவது போகப்போகப் பழகிவிடும். அங்கே ‘வேக்’ என்று நிறுத்திவிடுவது பரவலான பிழை.

ஏழாம் படி: இடமும் வண்டியும்

ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு ‘கெட் டு’. “ஹவ் டு ஐ கெட் டு சென்ட்ரல் ஸ்டேஷன்?” என்பது புது ஊரில் மிகவும் உதவும் வாக்கியம். ஹோம், ஹியர், தேர் ஆகிய மூன்றுக்கும் முன்னால் இந்த ‘டு’ வராது: “வென் டிட் யூ கெட் ஹோம்?”

வண்டிகளில் ஒரு பொது வழக்கம் உண்டு. பஸ், ரயில், விமானம் போல உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வண்டி என்றால் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. கார், ஆட்டோ போலக் குனிந்து உள்ளே உட்காரும் வண்டி என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. பைக், சைக்கிள், குதிரை எல்லாம் மேலே ஏறி அமர்வது, அதனால் ‘ஆன்’, ‘ஆஃப்’.

இந்தியாவில் நாம் பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ ஆகிறோம். நமக்குள் பேசும்போது இதில் ஒரு சங்கடமும் இல்லை, எல்லோருக்கும் புரிகிறது. லண்டனிலோ டொராண்டோவிலோ ‘கெட் ஆஃப்’ என்று சொல்லுங்கள். மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்கும்போது எல்லா ஊரிலும் ‘கெட் டவுன்’ சரிதான். இலங்கை ஆங்கிலத்தில் ‘கெட் டவுன்’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு பொருளை வரவழைப்பது. கொழும்பு நண்பர் இயந்திரத்தைச் சிங்கப்பூரிலிருந்து ‘காட் டவுன்’ என்றால் அவர் சொல்வது இதைத்தான்.

எட்டாம் படி: துணைச்சொற்களோடு சேரும்போது

இந்தப் பட்டியலுக்கு முடிவே இல்லை. மொத்தத்தையும் கற்க முயலாமல், வேலையிடத்திலும் வீட்டிலும் நிஜமாகக் காதில் விழுபவற்றிலிருந்து தொடங்குங்கள்.

‘கெட் அப்’ என்பது படுக்கையை விட்டு எழுவது. ‘வேக் அப்’ என்பது கண் விழிப்பது. ஐந்துக்கு விழித்து ஆறுவரை புரண்டுகொண்டிருந்தால் இரண்டும் வேறு வேறு நேரம். “ஐல் கெட் பேக் டு யூ” என்பது விசாரித்துவிட்டு அப்புறம் பதில் சொல்கிறேன் என்ற அலுவலக வாக்கியம். மாமியாரோடு ஒத்துப்போகிறதா என்பதற்கு ‘கெட் அலாங் வித்’. பிரிட்டனில் ‘கெட் ஆன் வித்’ அதிகம். வரும்படியை வைத்து ஏதோ ஓட்டுகிறோம் என்பதற்கு “வி கெட் பை.” தப்புச் செய்தும் தண்டனை இல்லாமல் தப்பிப்பது ‘கெட் அவே வித்’. ஒழித்துக்கட்டுவது, வேண்டாததைத் தூக்கிப் போடுவது ‘கெட் ரிட் ஆஃப்’. சுற்றி வளைத்துப் பேசுகிறவரிடம் என்னதான் சொல்ல வருகிறீர்கள் என்று கேட்க “வாட் ஆர் யூ கெட்டிங் அட்?” இதைச் சொல்லும் குரலில் கவனம் வேண்டும், கடுமையாகச் சொன்னால் சண்டைக்கு இழுப்பது போல ஆகிவிடும்.

‘கெட் ஓவர்’ நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீள்வது. துக்க வீட்டில் இருப்பவரிடம் “கெட் ஓவர் இட்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று நாம் நினைத்துச் சொன்னாலும், ‘போதும், விடு’ என்று அலுத்துக்கொள்வதாகவே அது கேட்கும். பிடிக்காத வேலையைச் சட்டென முடித்துவிடலாம் என்பதற்கு “லெட்ஸ் கெட் இட் ஓவர் வித்.” ‘இட்’ இடம் மாறியதும் பொருள் எவ்வளவு தூரம் போய்விட்டது பாருங்கள்.

ஒன்பதாம் படி: எங்கே கெட் வேண்டாம்

பேச்சில் கெட் இல்லாமல் பேசினால் பாடப்புத்தகம் பேசுவது போல இருக்கும். எழுத்தில், குறிப்பாக விண்ணப்பக் கடிதம், ஆய்வுக் கட்டுரை, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரை ஆகியவற்றில், இதைக் குறைத்துக்கொள்வது நல்லது. கிடைத்தது என்றால் ‘ரிசீவ்ட்’, முயன்று பெற்றது என்றால் ‘அப்டெய்ன்ட்’, ஆனது என்றால் ‘பிகேம்’, வந்து சேர்ந்தது என்றால் ‘அரைவ்ட்’, தேறியது என்றால் ‘இம்ப்ரூவ்ட்’. அதே தேர்வின் பேச்சுப் பகுதியில் கெட்டைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், அங்கே இயல்பான பேச்சைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

பத்தாம் படி: ஒரு மெசேஜை வைத்துப் பயிற்சி

“ஐ காட் யுவர் மெசேஜ் லேட். மை ஃபோன் காட் வெட், ஸோ ஐ ஹேட் டு கெட் இட் ரிப்பேர்ட். ஐல் கெட் டு த ஸ்டேஷன் பை சிக்ஸ். கேன் யூ கெட் யுவர் பிரதர் டு பிக் மீ அப்?”

ஒவ்வொரு கெட்டுக்கும் அடுத்த சொல்லில் விரல் வையுங்கள். முதலில் ‘யுவர் மெசேஜ்’, பெயர்ச்சொல்: கிடைத்தது. அடுத்து ‘வெட்’, தன்மை: நனைந்துவிட்டது. மூன்றாவதில் ‘இட்’ நடுவில், ‘ரிப்பேர்ட்’ கடைசியில்: கடையில் கொடுத்துச் சரிசெய்தது. நான்காவதில் ‘டு’வும் இடமும்: போய்ச் சேர்வேன். ஐந்தாவதில் ஆள், பிறகு ‘டு’, பிறகு வினை: அண்ணனை வரச்சொல்லி அனுப்ப முடியுமா.

இதையே உங்கள் சொந்த நாளை வைத்துச் செய்யுங்கள். இன்று காலையிலிருந்து நடந்தவற்றில் கிடைத்தது எது, ஆனது எது, நேர்ந்தது எது, பிறரைக் கொண்டு செய்துகொண்டது எது என்று முதலில் தமிழில் எழுதுங்கள். பக்கத்திலேயே ‘ஐ காட்’ என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தை எழுதி, உரக்கப் படியுங்கள். முதல் சில நாட்கள் ஐந்தாம் படியின் வரிசைதான் தடுக்கும். அந்த வாக்கியங்களை மட்டும் தனியாக எடுத்து, மறுநாள் காலையில் இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள்.